ஊட்டி ‘மூன்று பூங்கா’ வேன் பயணம்: பணம் கட்டும் முன் படியுங்கள்

தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, குன்னூர் சிம்ஸ் பூங்கா மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்று ஆள் சேர்க்கும் வேன்களில் பறிபோவது பணத்தைவிட நேரம்தான்.

1848-இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்கா 22 ஹெக்டேர், அதுவும் மலைச்சரிவு. கீழ்ப் புல்வெளி, கல்மரம் (கல்லாகிப்போன பழங்கால மரம்), கண்ணாடி மாளிகை என்று பார்த்து மேலே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து வரை ஏறி இறங்க இரண்டரை மணி நேரமாவது வேண்டும். வேனில் வந்தவர்களுக்குக் கிடைப்பது 40 நிமிடம். நுழைவுச்சீட்டு தனி என்பதே வாசலில்தான் தெரியவரும். பிறகு சாக்லேட் கடை, டீ ஃபேக்டரி, தைலக் கடை. கமிஷன் கிடைக்கும் இடங்களில் மட்டும் யாரும் அவசரப்படுத்துவதில்லை. 19 கி.மீ. இறங்கிக் குன்னூர் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். "உள்ள ஒண்ணும் இல்லீங்க, வாசல்லயே போட்டோ எடுத்துக்கங்க" என்பார்கள். 1874-இல் தொடங்கிய, ருத்ராட்ச மரம் நிற்கும் தோட்டத்தைப் பற்றி இப்படிச் சொல்வது அநியாயம்.

இன்னொரு ஏமாற்று, வழியோரச் செடி விற்பனை. டேலியா கிழங்கு வாங்கினால் தண்டின் அடிப்பகுதி கொஞ்சம் ஒட்டியிருக்கிறதா, அதில் முளைக்கண் தெரிகிறதா என்று பாருங்கள். கண் இல்லாத கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது. தொட்டிச் செடியின் தண்டை லேசாக இழுத்துப் பாருங்கள். வேர் பிடிக்காத குச்சி கையோடு வந்துவிடும். கமேலியா, ஃபியூஷியா இரண்டையும் சமவெளிக்கு வாங்கவே வேண்டாம், சென்னை மதுரை வெயிலில் தாங்காது. ஹைட்ரேஞ்சியாவின் நீலம் நீலகிரியின் அமில மண் தரும் நிறம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வைத்தால் பூ இளஞ்சிவப்பாகிவிடும்.

நீலகிரித் தைலத்தில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். காய்ந்த பின் எண்ணெய்க்கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

முன்பணம் கட்டுமுன் எந்தப் பூங்காவில் எத்தனை நிமிடம், நுழைவுச்சீட்டு சேர்த்தியா, எத்தனை கடை என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தைக் கடைசிப் பூங்கா முடிந்தபின் கொடுங்கள். வெளியூர் வண்டி நீலகிரிக்குள் நுழைய எடுக்கும் இ-பாஸ் இலவசம், அதற்கென்று யாரும் பணம் கேட்கக் கூடாது. டி.என். 43 எண் கொண்ட உள்ளூர் வண்டிக்கு அது தேவையும் இல்லை.

வேனே வேண்டாம் என்றால் காலையில் முதலில் குன்னூர் போங்கள். சிம்ஸ் பூங்கா கோத்தகிரி சாலையில் இருக்கிறது. மதியம் அரசுப் பேருந்தில் ஊட்டிக்கு ஏறினால் தாவரவியல் பூங்காவுக்கு முழு மாலையும் கிடைக்கும். ரோஜாப் பூங்காவை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.