எல்லைக்கோட்டின் மேல் என்ன கட்டலாம்?

எல்லையை இணைப்பிடமாக்கும் கற்பனைத் திட்டங்கள் எல்லாமே வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கும். சாவி யார் கையில் என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியவரும்.

மெக்ஸிகோ கட்டடக் கலைஞர் பெர்னாண்டோ ரொமேரோ 2016இல் லண்டன் டிசைன் பினாலே என்ற வடிவமைப்புக் கண்காட்சியில் வைத்தது, அமெரிக்க எல்லையின் இருபுறமும் பரவும் ஒரே நகரம். பிரமாதமான கனவு. ஆனால் இரண்டு அரசுகளும் பல தலைமுறைக்கு ஒத்துப்போனால்தான் அது நகரம். ஒரு தேர்தல் போதும், எல்லாம் கவிழ.

இதற்கு நேரெதிர், அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் ரொனால்ட் ரேலும் வர்ஜீனியா சான் ஃப்ராட்டெல்லோவும் செய்த சீ-சா. 2009இல் யோசித்தது, 2019 ஜூலையில் நடந்தது. எல்லைச் சுவரின் இரும்புத் தூண்களுக்கு நடுவே இளஞ்சிவப்புப் பலகைகள் மூன்றைச் செருகினார்கள். அமெரிக்காவில் சன்லேண்ட் பார்க், அந்தப் பக்கம் மெக்ஸிகோவின் ஹுவாரெஸ். இங்கே ஒரு குழந்தை கீழே போனால் அங்கே ஒரு குழந்தை மேலே வரும். பிரிப்பதற்கென்று நட்ட சுவரே பலகைக்குத் தாங்கல்! ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை, கழற்றிவிட்டார்கள். அது குறை என்று எனக்குத் தோன்றவில்லை. நீடிக்க வேண்டுமென்றால் அனுமதிக்காக இன்னும் காத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் கொரியா. வட, தென் கொரியாக்களுக்கு நடுவே உள்ள 4 கி.மீ. அகலப் படைவிலக்கப் பகுதியின் மேல் மூங்கில் நடைபாதை அமைக்கும் யோசனை, கலைஞர் சோய் ஜே-உன்னுடையது. ஜப்பான் கட்டடக் கலைஞர் ஷிகெரு பானும் சேர்ந்தார். பாதை ஏன் உயரே? தரையில் கண்ணிவெடிகள். 1953 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஆள் நடமாட்டம் குறைந்ததால் தழைத்த காடும் விலங்குகளும் வேறு. எல்லை விட்டுப்போனதை அழிக்காமல் அதன் மேலேயே போகிற இந்தப் புத்திசாலித்தனம் ரொமேரோவிடம் இல்லை. ஆனால் முதல் கம்பை நடவே இரு கொரியாக்களும் தலையசைக்க வேண்டும்.

சரி, நிஜத்தில் கட்டியது எப்படித் தாக்குப்பிடிக்கிறது? 1904இல் திறந்த ஹாஸ்கெல் நூலகத்தின் தரையில் அமெரிக்க–கனடா எல்லை ஒரு கறுப்புக் கோடு. வாசல் அமெரிக்கப் பக்கம். கனடாக்காரர்கள் சோதனைச்சாவடிக்குப் போகாமலே நடந்து வருவார்கள். 2025இல் அமெரிக்கா அதைக் கட்டுப்படுத்தியது. நூலகமோ கனடாப் பக்க அவசர வழியை அவர்களுக்கு வாசலாக்கிக்கொண்டது. உள்ளே பழையபடியே கோட்டைத் தாண்டிப் புத்தகம் எடுக்கலாம்.

இதை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு மூங்கில் பாதைக்குத்தான், இரு முனையிலும் தனித்தனிப் படிக்கட்டு இருந்தால். அதுவரை சீ-சா போதும்.