ஏழு முறை போய் வாங்கிய பல்செட்

தென்சென்னையில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் 2,200 ரூபாய்க்கு முழுப் பல்செட் கட்டிக்கொண்டேன். மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனைக் கிளினிக்கில் சொன்ன தொகையைக் கேட்ட பிறகுதான் அங்கே போனேன். வேலையை மாணவர்கள் செய்கிறார்கள், பேராசிரியர்கள் மேற்பார்க்கிறார்கள். எனக்கு வயது 72. வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்கு கால் ஆபரேட்டராகச் சேர்ந்து தொலைபேசித் துறையிலேயே ஓய்வு பெற்றவள். குரலை வைத்துப் பிழைத்தவளுக்குச் சாப்பாட்டைவிடப் பேச்சு குழறியதுதான் வேதனை.

முதல் நாள் எரிச்சல்தான். ஓபி சீட்டு வாங்கவே முக்கால் மணி நேரம். இறுதியாண்டு மாணவி ஒருத்தி கேஸ் ஷீட்டை விரித்து, என் மருமகளைப் பார்த்து, "பாட்டிக்குச் சர்க்கரை இருக்கிறதா?" என்றாள். "பல்தான் இல்லை, காது நன்றாகக் கேட்கிறது" என்றேன். கீழே ஆடிக்கொண்டிருந்த இரண்டு பற்களைப் பிடுங்க வேண்டுமாம். அதற்கு, ரத்தம் கட்டாமலிருக்க நான் சாப்பிடும் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு வரச் சொன்னாள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பேராசிரியர் கையெழுத்து வேண்டும். வந்த அம்மையார் என் மஞ்சப்பையிலிருந்த மாத்திரை அட்டைகளை டிரேயில் கொட்டி, என் எதிரிலேயே பாடம் நடத்தினார். எது வாயை உலர்த்தும்? எது ரத்தத்தை நிற்கவிடாது? வாரம் ஒருமுறை போடும் இந்த மாத்திரை எதற்கு? மூன்றாவது கேள்விக்குப் பெண் விழித்தாள். எலும்புத் தேய்மானத்துக்கான அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்கு, அரிதாக, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். ஐந்து வருடமாக விழுங்குகிறேன், எனக்கே தெரியாது. ஆஸ்பிரின் விஷயத்தில் அம்மையார் இன்னும் கடுமை: "இரண்டு பல்லின் ரத்தத்தைப் பஞ்சை அழுத்தி, தையல் போட்டு நிறுத்திவிடலாம். மாரடைப்பு வந்தால் எதை அழுத்துவாய்?" இந்த மாத்திரைகளை எழுதிக்கொடுத்த இரண்டு மருத்துவர்களிடமும் கடிதம் வாங்கி வர எனக்கு இரண்டு வாரம் அலைச்சல். அலையலாம், தப்பில்லை.

பல் பிடுங்கி, ஈறு ஆறிய பிறகு செட்டுக்காக மட்டும் ஏழு நடை. முதல் அளவுக்கு வெந்நீரில் இளக்கிய பழுப்புக் கட்டி. இரண்டாம் அளவுக்கு ஒரு பசை, வாயெல்லாம் கிராம்பு வாசனை. மூன்றாம் முறை மெழுகுக் கட்டைகளை வைத்து "அம்மா என்று சொல்லுங்கள்" என்றாள். 'ம்' சொல்லி உதடு சேரும்போது தாடை இயல்பான இடத்தில் நிற்குமாம். அதை வைத்துத்தான் செட்டின் உயரம் பார்க்கிறார்கள்.

நான்காம் முறை மெழுகில் பற்களைப் பதித்து மாட்டிவிட்டு, "சிக்ஸ்டி சிக்ஸ்" சொல்லச் சொன்னாள். அது எதற்கு, நான் பழைய டிரங்கு ஊர்களை வரிசையாகச் சொன்னேன்: சேலம், சிதம்பரம், சீர்காழி, வேலூர், விழுப்புரம். 'ச' சீட்டியடிக்கவில்லை. வேலூரில் மட்டும் கீழுதடு முன்பல்லில் இடித்தது. அவள் முகக்கவசத்தை இறக்கி, "மறுபடி வேலூர் சொல்லுங்கள்" என்று என் உதட்டையே பார்த்து, மெழுகைச் சுட்டு, பல்லை நகர்த்தினாள். மூன்று வேலூருக்குப் பிறகு சரியாயிற்று. நாற்காலியையும் அன்று மெதுவாக நிமிர்த்தி, இரண்டு நிமிடம் உட்கார வைத்துத்தான் எழுப்பினாள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். முதல் நாள் எனக்குச் சுற்றியது.

குறைகள்: கழிப்பறை தாழ்வாரத்தின் மறுகோடியில். பராமரிப்புச் சீட்டு எறும்பளவு ஆங்கில எழுத்தில். இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும் என்பதை மருமகள்தான் படித்துச் சொன்னாள். போகிறவர்கள் காலையில் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள்.

மேல்செட் கச்சிதம். கீழ்செட் சாப்பிடும்போது எழும்புகிறது. ஈறு மேடு கரைந்துவிட்டது, நாக்கும் தள்ளுகிறது, எச்சிலும் குறைவு, கொஞ்சம் பழக வேண்டும் என்றார்கள். நியாயந்தான். ஆனால் உறுத்தும் இடத்தை ராவக் கடந்த செவ்வாய்க்கிழமை போனால் என் மாணவி அங்கே இல்லை. அவள் செய்ய வேண்டிய கேஸ்களின் கோட்டா முடிந்து வேறு துறைக்குப் போய்விட்டாளாம். புதுப் பையன் ஒருவன் கேஸ் ஷீட்டைப் புரட்டினான். பிறகு மருமகளைப் பார்த்து, "பாட்டிக்கு எங்கே வலிக்கிறது?" என்றான்.