தோட்டத்து நாய்க்கு உண்ணி மாத்திரை: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், நாய் வளர்த்தால் உண்ணிக்கு மருந்து தேடாமல் இருக்க முடியாது. எங்களிடம் காவலுக்கு நிற்பவை நாட்டு நாய்கள். தண்ணீரில் கலந்து கழுவும் அமிட்ராஸ், பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து, இப்போது ஃப்ளூராலனர் மாத்திரை என்று மூன்றையும் வருடக்கணக்கில் பயன்படுத்தியாயிற்று. இனி மாத்திரையை விடுவதாக இல்லை.

அமிட்ராஸ் விலை குறைவு, நன்றாகவே கேட்கும். ஆனால் அளவு தப்பாமல் கலந்து, உடம்பு முழுக்க நனைத்து, காயும்வரை நக்கவிடாமல் பிடித்திருக்க வேண்டும். பட்டியைச் சுற்றியே பழகிய நாயை அப்படி உட்கார வைப்பது லேசான காரியமில்லை. கழுவிய அன்று சோர்ந்து படுத்தே கிடக்கும். சொட்டு மருந்து சுலபம்தான், ஆனால் வாய்க்காலைக் கண்டால் குதிக்கிற நாய்க்கு அது நிற்பதில்லை.

மாத்திரையைச் சோற்றோடு கொடுத்துவிட்டால் போதும். மருந்து ரத்தத்தில் சேர்ந்து, கடிக்கிற உண்ணி ஒரு நாளுக்குள் செத்து உதிர்கிறது. ஒரு மாத்திரை 12 வாரம் தாங்கும். 10 முதல் 20 கிலோ நாய்க்கு ஒரு அளவு மாத்திரை, 20 முதல் 40 கிலோவுக்கு வேறு அளவு, அதனால் எடை போட்டுவிட்டு வாங்குங்கள். விலை உறைக்கத்தான் செய்யும். கொடுத்த பிறகும் ஒன்றிரண்டு உண்ணி மேலே ஊரும். கடித்தால்தான் அது சாகும் என்பதால் பயப்பட வேண்டாம்.

நாய் உண்ணியின் பாதி வாழ்க்கை சுவரில்தான். ரத்தம் குடித்துக் கொட்டமுத்து (ஆமணக்கு விதை) அளவுக்கு உப்பிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கும் திண்ணைக்கு மேலே, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார்த்தோம். பொடிப்பொடியாகக் குஞ்சுகள் அப்பிக் கிடந்தன. வெடிப்புகளை சிமெண்ட் வைத்துப் பூசி, படுக்கிற சாக்கை வெந்நீரில் அலசிக் காயப்போட்டோம். அப்புறம்தான் மாத்திரையின் முழுப் பலன் தெரிந்தது.

சொறிகிற நாய்க்கெல்லாம் உண்ணிதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வால் அடியில் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். அங்கே சீவி விழும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. காது ஓரமும் முழங்கையும் தடித்து, ராத்தூக்கம் இல்லாமல் சொறிந்தால் ஒட்டுச் சொறி. மற்ற நாய்க்குப் பரவும், தூக்கிக் கொஞ்சுகிற நமக்கும் கொஞ்ச நாள் அரிக்கும். குட்டிக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டி, அரிப்பு அதிகமில்லை என்றால் அது வேறு வகைச் சொறி, பெரும்பாலும் பரவாது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். இதே மாத்திரை சொறிக்கும் கேட்கும் என்றாலும், அவர் பார்த்த பிறகு கொடுப்பதே நல்லது.

“வண்டி ஆயிலத் தேச்சு உடுங்க, சொறி ஓடிப்போயிரும்” என்று இன்னும் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளே போவதும் விஷம். ஆட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியையும் கைக்கணக்கில் போடாதீர்கள். கோலி (Collie) என்ற வெளிநாட்டு இன வகை நாய்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

ஃப்ளூராலனரிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் வாங்காதீர்கள். உண்ணி ஏறிய நாய் தீனி எடுக்காமல், காய்ச்சலோடு ஈறு வெளுத்துக் கிடந்தால் மாத்திரை மட்டும் போதாது. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்கு அன்றைக்கே கூட்டிப் போங்கள்.