போஸ்ட்கிரெஸ்: பெர்க்லியில் பிறந்த டேட்டாபேஸ், இன்றும் என் முதல் தேர்வு

புது வேலைக்கு எந்த டேட்டாபேஸ் எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது போஸ்ட்கிரெஸ்கியூஎல்தான். பெயர் வாயில் நுழையவில்லை என்பார்கள். போஸ்ட்கிரெஸ் என்றே சொல்லுங்கள், பிறந்தபோது வைத்த பெயர் அதுதான்.

1970களில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் இங்கிரெஸ் என்ற டேட்டாபேஸை உருவாக்கினார்கள். இங்கிரெஸுக்குப் பின் வந்தது என்பதால், ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய திட்டம் போஸ்ட்கிரெஸ் ஆனது. அதன் வினவல் மொழி, அதாவது தரவைக் கேட்டு எடுக்கும் மொழி, இன்று பரவலாக உள்ள எஸ்கியூஎல் இல்லை, போஸ்ட்குவெல். பல்கலைக்கழகம் 4.2 பதிப்போடு நிறுத்திக்கொண்டது. 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் எஸ்கியூஎல்லைச் சேர்த்தார்கள். அது போஸ்ட்கிரெஸ்95 என்று வெளிவந்தது. ஆண்டைச் சுமக்கும் பெயர் எத்தனை நாள் தாங்கும்? 1996இல் இப்போதைய பெயர் வந்தது. பதிப்பு எண்ணை ஒன்றிலிருந்து தொடங்காமல், பெர்க்லி வரிசையைத் தொடர்ந்து 6.0 என்று போட்டார்கள். முன்னோடிகளுக்குக் கொடுத்த அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிரல்கள் போஸ்ட்கிரெஸோடு பேச உதவும் லிப்பிகியூ (libpq) நூலகத்தின் பெயரில் உள்ள 'பிகியூ' கூட அந்தப் பழைய போஸ்ட்குவெல்தான்.

சரி, பயன்பாட்டுக்கு எப்படி? பெர்க்லியிலேயே ஒரு முடிவு எடுத்தார்கள்: டேபிளில் ஒரு வரிசையை (row) மாற்றினால் பழையதன் மேல் எழுதக்கூடாது, புதிதாக ஒன்றை எழுத வேண்டும். இன்றும் அப்படித்தான். அதனால்தான் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் தடையில்லாமல் படிக்க முடிகிறது. விலை என்னவென்றால், செத்த வரிசைகள், அதாவது இனி யாருக்கும் தேவைப்படாத பழைய பிரதிகள், டேபிளில் தேங்கும். சுத்தம் செய்ய, பின்னணியில் தானாக ஓடும் ஆட்டோவேக்கம் இருக்கிறது. ஆனால் இயல்பு அமைப்பில் அது டேபிளில் சுமார் 20 சதவீதம் மாறிய பிறகுதான் கிளம்பும். 10 கோடி வரிசை உள்ள டேபிளில் 2 கோடி குப்பை சேரும்வரை காத்திருக்கும்! பெரிய டேபிள்களுக்கு நான் அந்த அளவை 1 சதவீதமாகக் குறைத்துவிடுவேன். முதல் நாளே செய்யுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகளும், 'முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காது' என்ற டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்குவது. பாதியில் ஏதாவது தவறினால் ரோல்பேக், எல்லாம் பழையபடி. இந்த நிம்மதிக்காகவே எடுக்கலாம்.

அப்புறம், ஒவ்வொரு இணைப்புக்கும் தனி பிராசஸ் ஓடுவதால் நினைவகம் வேகமாகத் தீரும். நூற்றுக்கணக்கில் இணைப்புகள் வரும் என்றால் முன்னால், சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் என்ற கருவியை வைத்துவிடுங்கள்.