கார்புரேட்டரிலிருந்து இன்ஜெக்ஷனுக்கு: டேங்க் முதல் ரெயில் வரை என் அனுபவம்

பழைய காரைக் கார்புரேட்டரிலிருந்து, பெட்ரோலை அழுத்தத்தோடு தெளிக்கும் இன்ஜெக்ஷனுக்கு மாற்றப் போகிறேன் என்று யார் சொன்னாலும், பேச்சு உடனே இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), சென்சார், லேப்டாப், ட்யூனிங் என்று போய்விடுகிறது. என் நான்கு சிலிண்டர் காரை மாற்றிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. முதல் சில மாதங்களுக்குப் பிறகு ட்யூனிங்கை நான் தொடவே இல்லை. இன்றுவரை குனிந்து பார்ப்பதும், கழற்றுவதும், மாற்றுவதும் பெட்ரோல் போகும் பாதையைத்தான். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கார்புரேட்டருக்கு 4 முதல் 6 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தால் போதும். அதற்குள் மிதவையோடு இருக்கும் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். வளைவில் திரும்பும்போது பம்ப் ஒரு நொடி காற்றை இழுத்தாலும் அந்தக் கையிருப்பு சமாளித்துவிடும். ஒவ்வொரு சிலிண்டரின் நுழைவாயிலிலும் இன்ஜெக்டர் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்ஷனில் வழக்கமான அழுத்தம் 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐ. கையிருப்பு என்று எதுவும் கிடையாது. லைனில் காற்று புகுந்தால் இன்ஜெக்டர் அந்தக் காற்றைத்தான் தெளிக்கும், வண்டி உடனே உதறும். பழைய டேங்க் கார்புரேட்டரை நம்பிச் செய்யப்பட்டது. உள்ளே பெட்ரோல் அலைபாயாமல் நிறுத்தும் தடுப்பு இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான். ஆகவே இந்த வேலையில் முதல் கேள்வி எந்த பம்ப் என்பதல்ல, பம்புக்கு இடைவிடாமல் பெட்ரோல் எப்படிக் கிடைக்கும் என்பதுதான்.

டேங்கை வெட்டக் கூடாது என்று முடிவு செய்து, முதலில் வெளியே மாட்டும் பம்பும் ஒரு சின்ன சர்ஜ் டேங்கும் வைத்தேன். குறைந்த அழுத்த பம்ப் ஒன்று பெரிய டேங்கிலிருந்து சர்ஜ் டேங்கை நிரப்பும். அதன் அடியிலிருந்து இன்ஜெக்ஷன் பம்ப் இழுக்கும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் குழாயான ரெயிலிலிருந்து திரும்பும் பெட்ரோலும் சர்ஜ் டேங்குக்கே வரும், மிஞ்சுவது மேல்வழியாகப் பெரிய டேங்குக்குப் போகும். வளைவில் உதறல் என்பதே இல்லாமல் போனது. அந்த வகையில் இந்த ஏற்பாடு சொன்னதைச் செய்தது.

ஆனால் வெயில் காலத்தில் வேறு கதை. நீண்ட ஓட்டத்துக்குப் பின் நெரிசலில் நின்றால் பின்பக்கம் பம்பின் சத்தம் மாறும். சீராக முனகிக்கொண்டிருந்தது கரகரவென்று ஆகும். பிரஷர் கேஜின் முள் நடுங்கும். மூன்று பார் அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. பிரச்சினை பம்புக்கு முன்னால் இருக்கும் உறிஞ்சும் பக்கத்தில். அங்கே அழுத்தம் குறைகிறது, குறைந்தால் பெட்ரோல் இன்னும் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் மிக மோசம். வெளி பம்பை டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே, டேங்குக்கு மிக அருகில் மாட்டச் சொல்வது இதனால்தான். பெட்ரோல் தானாக இறங்கி வர வேண்டும்.

இதில் பம்பின் அளவும் சேர்ந்துகொள்கிறது. 70 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குச் சுமார் 22 லிட்டர்தான் குடிக்கும். இதற்கு மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் வைத்தால் பெரும்பகுதி எஞ்சின் அறை வரை போய்ச் சூடேறித் திரும்பி வரும். சின்ன சர்ஜ் டேங்கில் அந்தச் சூடு தங்கிவிடும். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று பம்ப் வாங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அப்புறம் டேங்கையே இறக்கி, பம்பை உள்ளே போட்டேன். மொத்த வேலையில் எனக்கு அதிகத் திருப்தி தந்த மாற்றம் இது. பம்ப் பெட்ரோலில் மூழ்கி இருப்பதால் குளிர்ச்சியாக இருக்கிறது, இழுக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய இல்லை, சத்தமும் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. பம்பைச் சுற்றித் தடுப்புப் பெட்டி ஒன்று உண்டு. ரிட்டர்ன் லைன் அந்தப் பெட்டிக்குள்ளேயே, பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும். மேலிருந்து கொட்டினால் நுரைத்து, அந்தக் குமிழிகளைப் பம்ப் திரும்ப இழுக்கும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: காலி பெட்ரோல் டேங்க் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். வெட்டுவதும் வெல்டிங் செய்வதும் டேங்க் வேலையே தொழிலாகச் செய்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஹோஸ் விஷயத்தில் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள், அங்கே பார்க்கவே கூடாது. ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்றிருந்தால் அது கார்புரேட்டர் அழுத்தத்துக்கானது. இன்ஜெக்ஷனுக்கு ஆர்9 வேண்டும். டேங்குக்குள் மூழ்கி இருக்கும் துண்டுக்கு ஆர்9 கூடப் போதாது. அதன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறிக்கிடப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. அங்கே ஆர்10 என்ற வகைதான். கிளாம்பும் அப்படித்தான். திருகும்போது பற்கள் ரப்பரைக் கடிக்கும் சாதாரண கிளாம்பை விட்டுவிட்டு, உட்பக்கம் வழவழப்பாகச் சுற்றிலும் சமமாக இறுக்கும் இன்ஜெக்ஷன் கிளாம்பைப் போடுங்கள்.

பார்க்க அழகாக இருக்கிறதே என்று பின்னல் கம்பி போர்த்திய ரப்பர் ஹோஸை எஞ்சின் அறையில் போட்டிருந்தேன். இரண்டாவது கோடையில் காலையில் ஷெட்டைத் திறந்தாலே பெட்ரோல் வாசனை. எங்கும் கசிவு இல்லை, விரலால் தடவினால் ஈரம் இல்லை. உள்ளிருக்கும் ரப்பரே ஆவியைக் கசிய விடுகிறது, எத்தனால் கலந்த பெட்ரோலில் ரப்பர் சீக்கிரம் கெடவும் செய்கிறது. உட்பக்கம் பிடிஎஃப்இ (டெஃப்லான்) பூசிய ஹோஸுக்கு மாறிய பிறகு வாசனை நின்றது. நீளமான பாதைக்கு எஃகுக் குழாய்தான். செம்புக் குழாய் வளைக்கச் சுலபம், ஆனால் அதிர்வில் இறுகி வெடிப்பு விடும். குழாய் முனையின் கோணத்தையும் பாருங்கள். 37 டிகிரி ஃபிட்டிங்கும் 45 டிகிரி ஃபிட்டிங்கும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளலாம், ஆனால் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராது. அழுத்தம் ஏறியதும் கசியும்.

ஃபில்டர் இரண்டு. வெளி பம்பாக இருந்தால் அதற்கு முன்னால் 100 மைக்ரான், பின்னால் 10 மைக்ரான். மாற்றிப் போட்டால் நுண்ணிய ஃபில்டர் உறிஞ்சும் பக்கத்தை அடைத்து, மேலே சொன்ன கொதிப்பைத்தான் உண்டாக்கும். பழைய டேங்க் என்றால் முதல் ஃபில்டரைச் சீக்கிரமே கழற்றி அறுத்துப் பார்க்க வேண்டும். நான் அறுத்தபோது மடிப்புகளுக்குள் காப்பிப் பொடி போல நைசான துரு படிந்திருந்தது. டேங்கைச் சுத்தம் செய்த பின்னும் அவ்வளவு வந்தது. அது இன்ஜெக்டருக்குப் போயிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெயிலின் கடைசியில் இருக்கிறது, எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு வேக்குவம் ஹோஸ் அதற்கு வருகிறது. ஐடிலில் கேஜ் 2.4 பார் அளவில் நிற்கும். அந்த ஹோஸைக் கழற்றினால் 3 பாருக்கு ஏறும். ஏறினால் ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. கழற்றிய ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்துவிட்டது, உடனே மாற்றுங்கள். அதிகம் செலவழிக்காமல் செய்யக்கூடிய இந்தச் சோதனையை சர்வீஸ் செய்யும்போதெல்லாம் செய்கிறேன். ரிட்டர்ன் குழாய் ஒடுங்கலாக இருந்தால் ரெகுலேட்டரால் அழுத்தத்தைக் குறைக்க முடியாது. பழைய வண்டியில் இருக்கும் மெல்லிய ஆவிக் குழாயை ரிட்டர்னாகப் பயன்படுத்த நினைப்பவர்கள் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். டேங்குக்கு அருகிலேயே ரெகுலேட்டர் வைத்து, முன்னால் ஒரே குழாய் விடும் முறையும் உண்டு. சூடு திரும்பி வராது. இன்று புதிதாகச் செய்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அழுத்தம் மாறாமல் நிற்பதால், மேனிஃபோல்டுக்கு ஏற்ப இசியுவில் கணக்கைத் திருத்த வேண்டும்.

வயரிங்கில் பழைய வயரை நம்ப வேண்டாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தனி வயர், நல்ல எர்த். வண்டி ஓடும்போது பம்பின் முனையிலேயே வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8 இருந்து அங்கே 11 காட்டினால் பம்ப் தரும் அளவு கணிசமாகக் குறையும், குற்றம் பம்பின் மேல் விழும். எஞ்சின் சுற்றவில்லை என்றால் இசியு பம்பை நிறுத்த வேண்டும். மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்சும் கட்டாயம் வேண்டும். மூன்று பார் அழுத்தத்தில் உடைந்த குழாய் எவ்வளவு பெட்ரோலைப் பீய்ச்சும் என்று ஒருமுறை பார்த்தவர்கள் இதில் வாதாட மாட்டார்கள்.

இப்போதும் குறைகள் உண்டு. தடுப்புப் பெட்டிக்கு இடம் விட, டேங்கில் பெட்ரோல் அளவு காட்டும் மிதவையை நகர்த்தியதில் பெட்ரோல் முள் கடைசிக் கால்பங்கில் சரியாகக் காட்டுவதில்லை. அதற்கு முன்பே நிரப்பிவிடுகிறேன், பம்ப் மூழ்கி இருக்கவும் அது நல்லது. போன மாதம் மூடியைத் திறந்தபோது காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது, டேங்கின் மூச்சுக்குழாயில் அடைப்பு. அதைச் சுத்தம் செய்தாயிற்று. அடுத்த முறை டேங்கை இறக்கும்போது பம்ப் நன்றாக ஓடினாலும் உள்ளிருக்கும் ஆர்10 ஹோஸையும் கிளாம்புகளையும் புதிதாகப் போட்டுவிடுவேன்.