இடம் வாங்கும்போது பக்கத்தில் ஒரு பழைய ஆள்: சில வருட அனுபவம்

2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து எங்கள் திருவொற்றியூர் பக்கம் டீக்கடைக்கு ஒரு புரோக்கர். எல்லாரும் சொல்வது ஒன்றுதான், இன்றைக்கே டோக்கன் போடுங்க சார், நாளைக்கு இந்த ரேட் கிடைக்காது. நான் அந்தச் சமயத்திலேயே ஓய்வுபெற்ற ஒரு பத்திர எழுத்தரைப் பிடித்துக்கொண்டேன், இன்றுவரை அவரிடம் காட்டாமல் எந்த இடத்துக்கும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை.

அவரிடம் பிடித்ததே ஃபீஸ் வாங்கும் முறைதான். பேப்பர் பார்க்க ஒரு தொகை, நான் வாங்கினாலும் விட்டாலும் அதேதான். புரோக்கருக்குக் கிரயம் முடிந்தால்தான் காசு, அவர் எப்படி “வேண்டாம் தம்பி” என்று சொல்வார்?

மாதவரம் பக்கம் ஒரு மனை வந்தது. வில்லங்கம் சுத்தம், பட்டா விற்கிறவர் பேரிலேயே இருந்தது, எனக்கு வேறென்ன வேண்டும் என்று தோன்றியது. எழுத்தர் மூலப்பத்திரத்தைப் புரட்டிவிட்டு, “இவங்க அப்பா எப்போ தவறினார், கூடப் பிறந்தவங்க யார் யார், வாரிசுச் சான்றிதழ் எங்கே?” என்று கேட்டார். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் போய்விட்ட இடம். கல்யாணமாகிப் போன அக்கா, தங்கை கையெழுத்து எதிலும் இல்லை. அந்த மாதிரி சொத்தில் மகள்களுக்கும் சமபங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும்தான். ஒருவர் செத்துப்போனதோ, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதோ, பதிவு செய்யாமல் போட்ட ஒப்பந்தமோ அதில் தெரியாது. இதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “அவங்களும் கையெழுத்துப் போட்டா வாங்கு” என்றார், விற்கிறவர் மழுப்பினார், விட்டுவிட்டோம்.

பவர் பத்திரத்தை வைத்து விற்கிறார்கள் என்றால் அவர் முதலில் கேட்பது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றுதான். மீஞ்சூர், செங்குன்றம் பக்கம் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி மனை காட்டினால் அந்த லேஅவுட்டில் 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் ஏதாவது மனை பதிவாகியிருக்கிறதா, வரன்முறை ஆணை, அதாவது அனுமதியில்லாத மனையை அரசு முறைப்படுத்திக் கொடுத்த உத்தரவு, கையில் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

பேப்பரோடு நிற்கிற ஆளும் இல்லை. மணலி புதுநகர் பக்கம் ஒரு இடம் பார்க்கப் போனபோது மனையை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தண்ணீர் எதுவரை நின்றது என்று. 2023 டிசம்பர் மழைக்கு அந்தப் பக்கம் என்ன ஆனது, எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதெல்லாம் வடசென்னைக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் விற்கிறவர் சொல்லமாட்டார், வெளியூரிலிருந்து வந்து வாங்குகிறவருக்கும் தெரியாது. அங்கே குடியிருக்கிற ஒரு அம்மாவிடம் அவர் விசாரித்த ஐந்து நிமிஷத்துக்கே ஃபீஸ் கொடுக்கலாம்.

குறையும் உண்டு. ரொம்ப மெதுவான ஆள், சந்தேகம் வேறு ஜாஸ்தி, அவர் பார்த்து முடிப்பதற்குள் ஒன்றிரண்டு நல்ல இடம் கை மாறிப் போனது. ஃபிளாட் என்றால் அவருக்கு ஆர்வமே இல்லை. யுடிஎஸ் (நிலத்தில் ஃபிளாட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, பில்டர் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு செய்திருக்கிறாரா என்பதெல்லாம் அவர் பார்ப்பதில்லை. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம், அதை நானே ரெரா தளத்தில் தேடிப் பார்த்துக்கொள்கிறேன். சட்டக் கருத்துக்குத் தனியாக ஒரு வக்கீல் இருக்கிறார். பேங்க் லோன் கொடுத்தாலே பேப்பர் சரி என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை, அவர்கள் பார்ப்பது அவர்கள் பணம் திரும்பி வருமா என்பதை.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று வழிகாட்டி மதிப்பிலோ விலையிலோ எது அதிகமோ அதற்கு ஒன்பது சதவீதம் அரசுக்கே போகிறது. அதோடு வைத்துப் பார்த்தால் இவருக்குக் கொடுப்பது சில்லறை. இப்போது பெரம்பூரில் ஒரு பழைய வீடு பேச்சில் இருக்கிறது. மூலப்பத்திரத்தின் ஜெராக்ஸ் அவர் வீட்டில், அசலைக் கண்ணால் பார்க்காமல் பேச்சை நகர்த்தாதே என்று சொல்லியிருக்கிறார்.