புதுப் புல்தரையும் களைக்கொல்லியும்: எது வேரை விட்டுவைக்கிறது?

தெரிந்தவர் ஒருவரின் வீட்டில், நட்டு ஒரு மாதம் ஆகியிருந்த அருகம்புல் தரையின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். பச்சையாகப் படர்ந்திருந்த கொடி, மண்ணில் பிடிப்பே இல்லாமல், சுருட்டிய பாய்போல் கையோடு வந்துவிட்டது. கணுக்களில் வேர் விட்டிருந்தது, ஆனால் நீளவில்லை. நுனி தடித்து, தீக்குச்சித் தலைபோல் உருண்டு நின்றது. களை வரக்கூடாதென்று நட்ட மறுநாளே பென்டிமெத்தலின் தெளித்திருந்தார்கள். களையும் வரவில்லை, புல்லும் ஊன்றவில்லை.

களை முளைக்கும் முன் அடிக்கும் மருந்துகள் விதையைக் கொல்வதில்லை. விதை முளைத்து, மேல்மண்ணில் இருக்கும் மருந்துப் படலத்தைத் தொடும்போதுதான் சாகிறது. அந்தப் படலம் களையின் எந்த உறுப்பைத் தாக்குகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கடையில் பெரும்பாலும் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

பென்டிமெத்தலின், புரோடயமின் ஆகியவை வேர் நுனியில் செல் பிரிவதை நிறுத்துகின்றன. அருகம்புல்லை நாம் தண்டுத் துண்டுகளாக ஊன்றுகிறோம். கணுவிலிருந்து புது வேர் இறங்கவேண்டிய இடமும் அதே மேல்மண்தான். களையின் வேர், புல்லின் வேர் என்று மருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. இலை மட்டும் சில வாரங்கள் பச்சையாகவே இருக்கும், அதனால் ஏமாந்துபோகிறோம். இவை நீரில் அதிகம் கரையாதவை, மண்ணை இறுகப் பற்றிக்கொள்பவை. தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிடலாம் என்று எண்ண வேண்டாம். வேர் ஆழமாக இறங்கிய பழைய தரைக்கு இதே குணம் நன்மை. புதுத் தரையாக இருந்தால், நான்கு முறையாவது புல் வெட்டிய பிறகே இவற்றை எடுப்பேன்.

ஆக்சடயசான் வேறு வழியில் வேலை செய்கிறது. மண்ணைத் துளைத்து வெளிச்சத்துக்கு வரும் தளிரை அது எரிக்கிறது. வேர் வளர்ச்சியைத் தடுப்பதில்லை. அமெரிக்க கால்ஃப் மைதானங்களில் அருகம்புல் கலப்பினங்களைத் தண்டாக ஊன்றும்போது இதை நாடுவது அதனால்தான். ஈர இலையில் பட்டால் கருகும். அந்த நாட்டிலேயே வீட்டுப் புல்தரைக்கு இதை அனுமதிப்பதில்லை. குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்கு நானும் சொல்லமாட்டேன்.

விதை தூவுவதாக இருந்தால் கதையே வேறு. ஒரு கிலோ அருகம்புல் விதையில் ஏறத்தாழ 40 லட்சம் விதைகள் இருக்கும். அத்தனை பொடி விதை, மருந்துப் படலத்திலேயே கிடந்து முளைக்கவேண்டும். மெசோட்ரையோன், சிடுரான் இரண்டையும் விதைக்கும் நாளிலேயே தெளிக்கலாம் என்பார்கள். அது கென்டக்கி புளூகிராஸ் போன்ற குளிர்நாட்டுப் புல்லுக்கு. அருகம்புல்லை மெசோட்ரையோன் வெளுக்க வைத்துவிடும், சிடுரானும் அதற்கு ஆகாது. (மெசோட்ரையோன் வந்த வழி எனக்குப் பிடித்த செய்தி: 1977இல் கலிபோர்னியாவில், பாட்டில்பிரஷ் செடியின் அடியில் களை குறைவாக இருப்பதை ஓர் ஆய்வாளர் கவனித்ததில் தொடங்கியது.)

வீட்டுத் தரைக்கு என் தேர்வு மருந்தே இல்லாத வழிதான். மண்ணைச் சமன்செய்து, நடாமலே இரண்டு வாரம் தண்ணீர் விடுங்கள். சாரணையும் அம்மான் பச்சரிசியும் கூட்டமாக முளைக்கும். மண்ணைக் கிளறாமல் மேலாகச் செதுக்கி எடுங்கள். இன்னொரு முறை அப்படியே செய்துவிட்டு நடுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போகும், ஆள் கூலியும் கூடும். ஆனால் புல்லின் வேருக்கு ஒரு குறையும் வராது. கோரைக்கு மேலே சொன்ன மருந்துகளை நம்பிப் பயனில்லை. கிழங்கிலிருந்து கிளம்புவதை மண்ணைத் தோண்டிக் கிழங்கோடுதான் எடுக்கவேண்டும்.

முன்பே மருந்து அடித்த மண்ணில் நடப்போகிறீர்களா? அந்த மேல்மண்ணை ஒரு தொட்டியிலும், மருந்து படாத மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி, இரண்டிலும் ஒரே புல்லின் துண்டுகளை ஊன்றுங்கள். மூன்று வாரம் கழித்து இரண்டையும் பிடுங்கி, வேர்களை அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் தொட்டியில் நுனி உருண்டிருந்தால் இன்னும் சில மாதங்கள் பொறுங்கள்.